நிற்க நேரம்

“நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பயனின்றி அலைபவரை இடித்துரைப்பதற்கு நாயை உவமையாக்கிய நம் முன்னோர், அப்பிராணிக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்த்தனரோ அறியேன். எங்கள் வீட்டில் மாடு உழுதது. ஆடு எருத் தந்தது. நாயோ படலையடியிற் படுத்திருந்து, அயலாரைக் கண்டு குரைத்து, மிஞ்சிய சோற்றை உண்டு காலங் கழித்தது. அதனைப் பழக்குதல் வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுந்ததில்லை. அடித்து வளர்த்தால் நாய் அடங்கிக் கிடக்கும் என்பதற்கு மேலாக நாய் வளர்ப்புப் பற்றி நானும் எதனையும் அறிந்திருக்கவில்லை.

இத்தகைய நான், 31 வயதில், உயர்கல்வியின் பொருட்டுச் சென்றிருந்த இங்கிலாந்திலே, யோக்சயர்ப் பகுதியின் ஈரப் புல்வெளியொன்றில், பிறர் வளர்த்த நாயொன்றோடு கைவீசி ஓடக் கற்றுக்கொண்டேன். அங்கே அதனை ‘அஜிலிற்றி’ என்பர். உடலின் துடிப்பையும் விரைவையும் குறிக்கும் அச்சொல்லை ஒரு விளையாட்டுக்குப் பெயராக்கியுள்ளனர். வரிசையாக எண்ணிடப்பட்ட தடைகளை நாய் பிழையின்றியும் விரைவாகவும் கடத்தல் வேண்டும். அதனுடன் ஓடுபவர் வாயாலும் உடலாலும் வழிகாட்டலாமேயன்றித் தொடுதல் கூடாது. விளையாட்டு இவ்வளவே. ஆயினும், இதனைக் கற்கத் தொடங்கிய மூன்று ஆண்டுகளில் நான் அறிந்துகொண்டவை விளையாட்டின் எல்லைக்குள் அடங்கவில்லை. ஆதலினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

இவ்விளையாட்டு நெடுங்கால வரலாறு உடையதன்று. 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்திலே ‘கிறவ்ற்ஸ்’ எனப்படும் பெயர்பெற்ற நாய்க் கண்காட்சி நடைபெற்றது. முதன்மையான போட்டிகளுக்கிடையே வரும் வெற்று நேரத்தில் பார்வையாளரை இருத்தி வைப்பதற்கு ஏதேனும் ஒரு காட்சி தேவைப்பட்டது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜோன் வாலி என்பாரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. குதிரைகள் தடைதாண்டும் போட்டியை மாதிரியாகக் கொண்டு நாய்களையும் ஓடவிட்டால் என்ன என்று கருதிய அவர், நாய் பழக்குவதில் வல்லவரான பீற்றர் மீன்வெல் என்பாரின் உதவியை நாடினார். நான்கு நான்கு நாய்களைக் கொண்ட இரண்டு அணிகள் ஓடின. மக்கள் பெரிதும் மகிழ்ந்தனர். 1980 இல் பிரித்தானியக் கென்னல் கிளப் இதற்கு விதிகளை வகுத்து ஏற்றுக்கொண்டது. 1996 இல் சுவிற்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. நம்மூர் நாடகங்களில் இடைவேளையை நிரப்ப வந்த பபூன், ஈற்றிற் கதாநாயகனாகவே ஆகிவிட்டமை போன்றது இக்கதை.

நான் இதில் அகப்பட்டுக்கொண்டது தற்செயலாகவே. 2013 ஆம் ஆண்டு நான் அறையெடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் கணவரை இழந்த ஓர் அம்மையார். அவரிடம் ‘ஜெஸ்’ என்ற பெயருடைய இரண்டு வயதுப் பெட்டை நாயொன்று இருந்தது. ‘போடர் கொலி’ என்பது அதன் இனம். செம்மறிகளை மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனமாதலால், நாள் முழுவதும் ஓடினும் களைக்காது. ஓட இடமில்லையெனில் வீட்டைத் தலைகீழாக்கிவிடும். என்னுடைய ஒரேயொரு தோற் சப்பாத்தை அது கடித்துக் குதறிய அன்று, அம்மையார் மன்னிப்புக் கேட்டதோடு ஒரு வேண்டுகோளையும் விடுத்தார். அஜிலிற்றி வகுப்பொன்றுக்கு அவர் முன்னரே பணங் கட்டியிருந்தார். ஆனால் முழங்கால் நோவினால் ஓட முடியவில்லை. “உமக்குக் கால்கள் இருக்கின்றன, இதற்கு வேலை தேவைப்படுகிறது” என்றார். சப்பாத்து இழந்தவனிடம் ஓடச் சொல்வது வேடிக்கையாயிருந்தது. மறுக்க மனம் வரவில்லை.

இச்செய்தியைத் தொலைபேசியில் அறிந்த என் தாயார், “தம்பி, நீ படிக்கப் போனனியோ, நாயோடை ஓடப் போனனியோ?” என்று கேட்டார். அவ்வேளையில் அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

முதல் நாள் வகுப்புக்குச் சென்றபோது, நாய்கள் வளையத்தினூடாகப் பாயும், சுவரேறும் என எதிர்பார்த்தேன். ஒரு தடை கூட அன்று எங்களுக்குத் தரப்படவில்லை. பயிற்றுநரான பெண்மணி கேட்டதெல்லாம், நாய் எம்மை நோக்குகிறதா என்பதையே. இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி எம்மோடு நடக்கச் செய்தல், அழைத்தவுடன் வரச்செய்தல், ஒரு கோலைச் சுற்றிவரச் செய்தல் என்பனவே முதல் ஆறு வாரப் பாடம். சரியாகச் செய்த கணமே சிறு சீஸ் துண்டொன்று, அல்லது இழுத்து விளையாடக் கயிறொன்று. பிழையாகச் செய்தால் தண்டனை ஏதுமில்லை. பரிசு இல்லை, அவ்வளவே. சற்றுப் பிந்திக் கொடுக்கும் பரிசு, பிந்திய செயலுக்கே போய்ச் சேரும் என்றார் அவர். நாய் இருந்தவுடன் கொடாது, எழுந்த பின் கொடுத்தால், எழும்புவதையே அது கற்கும்.

குட்டிகளை அங்கே தாண்ட விடுவதில்லை. எலும்புகளின் வளர்ச்சி முற்றுப்பெறுமுன் உயரம் பாய்ந்தால் மூட்டுக்கள் கெடும். ஆதலாற் போட்டியில் ஓடும் நாய் பதினெட்டு மாதமேனும் நிரம்பியதாயிருத்தல் வேண்டும் என்பது விதி. தடைகளைக் கற்பிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துணிக்குழாய்; அதனைச் சுருக்கி வைத்து, மறுமுனையில் நாம் குந்தியிருந்து அழைத்தால் எந்த நாயும் வந்துவிடும். அடுத்துத் தரையிலே கிடத்திய தண்டுகள். அவை வாரந்தோறும் சிறிது சிறிதாக உயரும். பின்னர் ஒற்றைப் பலகைப் பாலம், கூரைபோல் இருபுறமும் சரிந்து ஏறத்தாழ 1.7 மீற்றர் உயர்ந்த ஏற்றம், சீசோப் பலகை என்பன. சீசோப் பலகையைக் கண்டபோது எனக்கு எங்கள் தோட்டத்துத் துலா நினைவுக்கு வந்தது. துலாமிதிப்பவன் அறிந்த நுட்பமே அங்கும் வேண்டும்: நடுவைக் கடந்ததும் பாரம் மாறும், மாறும்போது அஞ்சாது நிற்றல் வேண்டும், முனை நிலத்தைத் தொட்ட பின்னரே இறங்குதல் வேண்டும். பலகை நிலத்தில் மோதும் ஓசைக்கு அஞ்சிய நாய் பின்னர் அதன் அருகே செல்லவும் மறுக்கும் என்பதால், முதல் நாட்களிற் பலகையின் கீழே மெத்தையொன்றை இட்டு ஓசையை அடக்கினர்.

இவற்றின் முனைகளிலே வேறு நிறம் பூசப்பட்ட பகுதி உண்டு. இறங்கும்போது நாயின் கால் அப்பகுதியிற் படாவிட்டால் ஐந்து பிழைப்புள்ளிகள். உயரத்திலிருந்து குதித்து நாய் அடிபடாதிருத்தற்கே இவ்விதி. இதற்கென, பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் புல்லிலுமாக நிற்கப் பழக்கினோம். தடைகளுள் மிகக் கடினமானது, 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்ட பன்னிரண்டு கோல்களினூடே பாம்புபோல் வளைந்து செல்வது. முதற் கோல் நாயின் இடத்தோட் பக்கமாக அமைய நுழைதல் வேண்டும். ஒன்றையேனும் விடுதல் கூடாது. நாய் இயல்பாக ஒருபோதும் செய்யாத செயல் இது. ஜெஸ் இதனைக் கற்க ஐந்து மாதங்கள் ஆயின.

ஆனால் கற்கக் கடினப்பட்டது நாயன்று, நானே. ஒருநாள் பயிற்சியின்போது குழாயினுட் செல்லுமாறு உரக்கக் கத்தினேன். ஜெஸ் குழாயை விட்டு அருகிலிருந்த தண்டைத் தாண்டியது. மீண்டும் கத்தினேன், மீண்டும் அதே பிழை. “சொன்னாற் கேளாத நாய்” என்று சலித்துக்கொண்டேன். பயிற்றுநர் என்னை அசையாது நிற்கச் சொல்லி, “உம்முடைய பாதங்களைப் பாரும்” என்றார். குனிந்து பார்த்தேன். என் வாய் குழாயைச் சொல்லிற்று; என் பாதங்களும் தோள்களும் தண்டையே காட்டி நின்றன. நாய் என்னிடமிருந்து இரண்டு செய்திகளைப் பெற்று, அவற்றுள் உண்மையானதையே நம்பியது. அவ்வகுப்பில் அடிக்கடி சொல்லப்படும் வாசகம் ஒன்றுண்டு: நாய் பிழை விடுவதில்லை, நாம் காட்டியதையே செய்கிறது. ஆசிரியத் தொழிலிற் பத்து ஆண்டுகள் கழித்திருந்த எனக்கு அவ்வாசகம் மிகவும் உறைத்தது. விடைத்தாள்களைத் திருத்தும்போது “சொல்லிக் கொடுத்தும் விளங்கவில்லையே” என்று எத்தனை மாணவரை நொந்திருக்கிறேன்! அப்போது என் பாதங்கள் எத்திசையில் நின்றன என்று நான் குனிந்து பார்த்ததில்லை.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஓட்டத்தின் தொடக்கத்திலே நாயை முதற் தடையின் பின்னே இருத்தி, “நில்” என்று கூறிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டியவாறு நாம் முன்னே நடந்து செல்லுதல் வேண்டும். நம்மை விட நாய் பன்மடங்கு விரைவுடையதாதலால், முன்னதாகவே உரிய இடத்திற் போய் நின்றாற்றான் வழிகாட்ட இயலும். ஓடத் துடிக்கும் நாயை அவ்வாறு நிற்கச் செய்வது எளிதன்று. ஒரு கணம், இரு கணம், ஓரடி, ஈரடி என்றே வளர்த்தெடுத்தல் வேண்டும். அன்றியும், நில் என்ற சொல் தனித்து நிற்பதில்லை. அதனை முடித்து வைக்கும் விடுவிப்புச் சொல் ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும்.

எந்த மொழியிலும் சொல்லலாம் என்றதனால் தமிழிலேயே சொன்னேன். ‘நில்’ என்பதை ஜெஸ் விரைவிற் கற்றுக்கொண்டது. விடுவிப்பதற்குச் ‘சரி’ என்ற சொல்லைத் தேர்ந்தேன். இதனால் வந்த தொல்லை கொஞ்சமன்று. நம்மவர் பேச்சிலே பத்துச் சொல்லுக்கு ஒரு ‘சரி’ அல்லவா? நாயை நிற்கச் சொல்லிவிட்டுத் தாயாருடன் தொலைபேசியில் “சரி, சரி” என்றால், அது பாய்ந்து வந்து மார்பில் விழும். பொதுப் பேச்சில் வராத சொல்லைத் தேர்க என்று பயிற்றுநர் அறிவுறுத்தினார். சிந்தித்து ‘புறப்படு’ என்ற சொல்லைத் தெரிந்தேன். யோக்சயர் மண்ணிலே என்னையும் அந்நாயையும் தவிர வேறெவரும் அதனை வழங்கப்போவதில்லை என்ற துணிவு எனக்கு.

அப்போது பயிற்றுநர் கூறிய விளக்கத்தை இன்றும் மறவேன். “நில் என்பது கட்டளையன்று, வாக்குறுதி. நீர் அதனைச் சொல்லும்போது, திரும்பி உன்னை விடுவிப்பேன் என்று சொல்கிறீர். ஒருமுறை மறந்து போய்விட்டாலும், அடுத்த முறை அது உம்மை நம்புவதற்குக் காரணமில்லை.” ஏனைய மாணவர் தலையசைத்துவிட்டுத் தத்தம் நாய்களிடம் சென்றனர். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டு அகன்றதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மழை பெய்துகொண்டிருந்தது. துவிச்சக்கரவண்டியிற் பொதிகளைக் கட்டினோம்; அம்மம்மாவை அதிலேற்றினோம். எங்கள் நாய் ஜிம்மி படலைவரை வந்து எங்களோடு வெளியே கால் வைத்தது. செம்மணி வெளியின் நெரிசலில் அதனைக் கொண்டுசெல்ல இயலாது என்றார் தந்தையார். அது என் சொல்லையே ஓரளவு கேட்கும் ஆதலால், நான் அதனை உள்ளே விட்டுப் படலையைச் சாத்தி, “நில்லடா, இப்ப வந்திடுவம்” என்றேன். அது நின்றது. எவரும் பழக்காத நாய், அன்று மட்டும் என் சொல்லைக் கேட்டு நின்றது.

அடுத்த ஆண்டு நாம் மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, நாயுமில்லை. ஊரைவிட்டு நீங்காதிருந்த முதியவர் ஒருவர், சில நாட்கள் அதனைப் படலையடியிற் கண்டதாகவும், பின்னர் காணவில்லையெனவும் கூறினார். மனிதரையே தேடிக்கொண்டிருந்த காலம் அது. நாயொன்றைப் பற்றித் துயருறுவது அன்று நாணத்துக்குரியதாகத் தோன்றிற்று. நான் எவரிடமும் அதுபற்றிப் பேசியதில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின், அந்நிய நாட்டுப் புல்வெளியிலே, ‘நில்’ என்பதன் பொருளை ஒருவர் விளக்கியபோதுதான், அச்சொல்லை நான் முன்னர் யாருக்குச் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது. அன்றிரவு நாம் அனைவரும் புறப்பட்டோம். அந்தச் சொல்லை அதற்கு மட்டும் சொல்லவில்லை.

இதன் பின்னர் சில வாரங்கள் என்னால் ஜெஸ்ஸை நிற்கச் சொல்லிவிட்டு நடக்க முடியவில்லை. இரண்டடி வைத்ததும் திரும்பிப் பார்ப்பேன். நான் திரும்புந்தோறும் அது எழும்பிவிடும். என் ஐயம் அதற்கும் தொற்றிக்கொண்டது. அம்மையாரிடம் ஓரிரவு உள்ளதைச் சொன்னேன். அவர் ஆறுதல் மொழி ஏதும் கூறவில்லை. “அப்படியானால், இதற்கு ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைத் தவறாமற் சொல்லும்” என்றார். அவ்வளவே. மறுநாள் முதல் தோட்டத்திலே நானும் ஜெஸ்ஸும் தடை எதுவுமின்றி அதனை மட்டுமே பழகினோம். நில், ஐந்தடி, புறப்படு. நில், பத்தடி, புறப்படு.

2014 கோடையில் எங்கள் முதற் போட்டி. அங்கே தடைகளின் ஒழுங்கு அன்றுதான் தெரியவரும். நாயின்றிச் சில நிமிடங்கள் களத்தினுள் நடந்து பார்க்க விடுவர். வயது முதிர்ந்தவரும் சிறுவரும் கைகளை நீட்டி, காற்றோடு பேசி, இல்லாத நாய்க்கு வழிகாட்டியபடி வளைந்து வளைந்து நடக்கும் காட்சியைப் புதிதாய்க் காண்பவர் பைத்தியகார விடுதியொன்றுக்கு வந்துவிட்டதாகவே கருதுவர். நானும் நடந்தேன், மனனஞ் செய்தேன். ஓடத் தொடங்கிய பின் ஒன்பதாந் தடையோடு எல்லாம் மறந்து போயிற்று. நான் திகைத்து நிற்க, ஜெஸ் தன் விருப்பப்படி பதினான்காந் தடையைத் தாண்டியது. ஒழுங்கு பிறழ்ந்தமையால் நாம் நீக்கப்பட்டோம். களத்தைச் சுற்றியிருந்தோர் கைதட்டினர். தோற்றவருக்கும் கைதட்டும் அப்பண்பு, புதிதாய்த் தொடங்குபவர் மீண்டும் வருவதற்குப் பெருங்காரணம்.

அன்று மாலை இரண்டாவது ஓட்டம். ஜெஸ்ஸை இருத்தி, “நில்” என்றேன். ஆயத்தமானதும் தொடங்கலாம் என்று நேரங்கணிப்பவர் அறிவித்தார். திரும்பிப் பாராமல் இரண்டாந் தடைக்கு அப்பால் வரை நடந்தேன். அப்பத்தடித் தூரம் எனக்கு எவ்வளவு நீண்டிருந்தது என்பதை நானே அறிவேன். திரும்பினேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருக்க, கண்கள் என் முகத்தின் மீது. அவற்றில் அச்சம் இல்லை; கேள்வியும் இல்லை. நான் வருவேன் என்பதில் அதற்கு ஐயமிருக்கவில்லை. ஒரு கணம் என் நா எழவில்லை. பின்னர், “புறப்படு” என்றேன்.

பதினெட்டுத் தடைகளையும் ஒழுங்கு தவறாமற் கடந்தோம். இறுதித் தண்டைப் பின்னங்கால் தட்டி வீழ்த்தியது, ஐந்து பிழைப்புள்ளிகள். பரிசு கிட்டவில்லை. காரின் பக்கத்தே மடிக்கதிரையில் அமர்ந்திருந்த அம்மையார், “தண்டு மரக்கட்டை; அதனை நாளை உயரத் தாண்டலாம். இன்றைக்கு உரிய வேலையை நீர் செய்துவிட்டீர்” என்றார். ஜெஸ் என் மடியில் இரு முன்னங்கால்களையும் வைத்துச் சீஸ் கேட்டது.

2016 இல் நாடு திரும்பினேன். எங்கள் பீடத்துச் சிற்றுண்டிச்சாலையடியிற் பிறந்த ஊர்நாய்க் குட்டியொன்று இன்று வளர்ந்து என் வீட்டில் உள்ளது. பூவரசந் தடிகளைச் செங்கல்லின்மீது வைத்துத் தண்டாக்கினேன். பழைய ரயர் ஒன்றை மாமரத்திற் கட்டினேன். பன்னிரண்டு கமுகஞ் சிலாகைகளை நட்டேன். இவ்விளையாட்டுக்கு உயர்ந்த இனம் வேண்டும், விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று எண்ணுவோர் இருக்கின்றனர். குறுக்குக்கட்டையான நாய்க்குத் தண்டும் குறைந்த உயரத்தில் என்பதே உலக வழக்கு. தொடங்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. மிருக வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசிகளை ஏற்றி, கால்களையும் முதுகையும் பரிசோதிப்பியுங்கள். நம் வெயிலில் விடியற்காலையும் அந்தியுமே உகந்தவை. புறங்கையை நிலத்தில் வைத்துப் பார்த்துச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். பத்து நிமிடம் போதும். அது இன்னும் வேண்டுமென்னும்போதே நிறுத்துங்கள். பிழை நேருந்தோறும் முதலில் உங்கள் பாதங்களைப் பாருங்கள்.

ஈற்றில் ஒன்று. நில் என்று சொல்லத் தொடங்குமுன், அதனை எந்தச் சொல்லால் முடிக்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை வேளைகளில் என் மாணவர் சிலர் வேலியோரம் நின்று சிரிப்பர். சிலர் உள்ளே வந்து தடியை உயர்த்தித் தருவர். படலையடியில் நாய் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது அதற்கு வேலையும் உண்டு. நிற்க நேரமும் உண்டு. நான் முற்றத்தின் மறு அந்தம்வரை நடந்து, திரும்பி, அந்தச் சொல்லைச் சொல்கிறேன்.